நீர்மறுப்பிலிருந்து வெப்ப அளவீடு வரை: கடும் வெயிலில் உடற்பயிற்சி குறித்த அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கடும் வெயிலில் ஓடுவோரும் பயிற்சி செய்வோரும் தம் உடலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வழி குறித்த அறிவியல் அறிவு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அரும்பியது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓட்டக்காரர்களுக்கு நீர் மறுக்கப்பட்டது அல்லது அவர்களே அதனைத் தவிர்த்தனர். அறிவுக்கும் நடைமுறைக்கும் இடையே இத்துணை நீண்ட இடைவெளி ஏற்பட்டது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. வெப்பத்தைத் தாங்குதல் தனிமனித மனவுறுதியின் சோதனையாகக் கருதப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணம் என்பதும், சூழலை அளந்து முடிவெடுக்கும் பொறுப்பு நிறுவனத்திடம் சேர்ந்தபோதே மாற்றம் நிகழ்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: வெப்பத்தாக்கு, வியர்வை, ஈரக்குமிழ் வெப்பமானி, மாரத்தான், நீரிழப்பு, வெப்பப் பழக்கம்

முன்னுரை

உடலுழைப்பில் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக உடலுள் தேங்குகிறது. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைக் கடந்துவிட்டால், அவ்வெப்பம் வெளியேற வியர்வை ஆவியாதல் ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை. இழப்பு மட்டுமே உண்டு. இன்று பாடநூல்களில் எளிமையாகக் காணப்படும் இவ்வுண்மை, ஆடுகளத்தின் விதியாக மாறிய வரலாறு எளிமையானதன்று.

1. வெப்ப அறையில் ஒரு பாத்திர நீர்

இலண்டன் மருத்துவர் சார்லஸ் பிளாக்டன், ஜார்ஜ் ஃபோர்டைஸ் அமைத்த வெப்ப அறைகளில் 1774ஆம் ஆண்டில் நிகழ்த்திய சோதனைகளை அரச கழகத்தின் இதழில் 1775இல் வெளியிட்டார். ஜோசப் பேங்க்ஸ் உள்ளிட்ட சிலரும் உடனிருந்தனர். நீரின் கொதிநிலையைக் கடந்த உலர்ந்த காற்றில் அவர்கள் சில நிமிடங்கள் நின்றபோதும் உடல் வெப்பநிலை இயல்பை ஒட்டியே இருந்தது. அதே அறையில் வைக்கப்பட்ட இறைச்சி வெந்துபோனது.

இச்சோதனைகளுள் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது நீர்ப் பாத்திரங்களைப் பற்றியது. ஒரு பாத்திரத்தில் நீர் மட்டும் இருந்தது. மற்றொன்றில் நீருடன் சிறிது மெழுகு இடப்பட்டது. மெழுகு உருகி நீரின்மேல் படலமாகப் படர்ந்ததும் அந்நீரின் வெப்பம் மிகுதியாக உயர்ந்தது. திறந்திருந்த நீரோ கொதிநிலையை எட்டாமல் நின்றுவிட்டது. அதன்மீதும் எண்ணெய் விடப்பட்ட பின்னர் இரண்டும் கொதித்தன. ஆவியாதல் தடைப்பட்டால் குளிர்ச்சியும் தடைப்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும் ஆவியாதல் ஒன்றே முழுக் காரணம் எனப் பிளாக்டன் கருதவில்லை. வெப்பத்தை எதிர்க்கும் தனியாற்றல் உயிருள்ள உடலுக்கு உண்டு என்றே எண்ணினார். உடலின் உள்ளாற்றல் மீதான இந்நம்பிக்கை, வேறொரு வடிவில் விளையாட்டுக் களத்திலும் நெடுங்காலம் நிலைத்தது.

2. இரு மாரத்தான்கள்: 1904, 1912

1904 ஆகஸ்டு 30 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் பிற்பகலில் தொடங்கியது. வெப்பநிலை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ். வாகனங்கள் எழுப்பிய புழுதி சூழ்ந்த அப்பாதையில் நீர் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே. ஓடத் தொடங்கிய 32 பேருள் 14 பேரே ஓட்டத்தை நிறைவு செய்தனர். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் இறுதிக் கட்டத்தில் குடிக்க நீர் கேட்டபோது, உதவியாளர்கள் அவர் வாயை நனைத்தனரேயன்றிக் குடிக்கத் தரவில்லை. மாறாக, முட்டை வெண்கருவுடன் ஸ்டிரிக்னைனும், பின்னர் பிராந்தியும் தந்தனர். 3 மணி 28 நிமிடம் 53 நொடி என்னும் அவரது நேரம், ஒலிம்பிக் மாரத்தான் வெற்றியாளர்களின் நேரங்களுள் மிக நீண்டது.

எட்டாண்டுகளுக்குப் பின், 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த மாரத்தானில் போர்த்துகீசிய வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் வீழ்ந்தார், மறுநாள் உயிர்நீத்தார். வெயிலிலிருந்து காத்துக்கொள்ள உடலில் மெழுகையோ கொழுப்பையோ அவர் பூசியிருந்தார் எனக் கூறப்படுகிறது. அச்செய்தி மெய்யாயின், பிளாக்டனின் மெழுகு படர்ந்த பாத்திரம் 137 ஆண்டுகளுக்குப் பின் மனித உடலில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். ஆய்வேட்டில் இருந்த அறிவு ஆடுகளத்தைச் சென்றடையவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

3. சுரங்கமும் ஈரக்குமிழும்

விளையாட்டுலகம் காணத் தவறியதைச் சுரங்கத் தொழில் கண்டது. கார்ன்வால் பகுதியின் வெம்மை மிகுந்த சுரங்கங்களை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், 1905இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் தாங்குதிறனை முடிவு செய்வது சாதாரண வெப்பமானி காட்டும் அளவன்று. ஈரத்துணி சுற்றிய குமிழுடைய வெப்பமானி காட்டும் அளவே என நிறுவினார். அசையாக் காற்றில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 31 டிகிரியைக் கடந்தால், மேலாடையின்றி ஓய்ந்திருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும். கடும் உழைப்பின்போது இவ்வெல்லை ஏறத்தாழ 25 டிகிரிக்கே தாழ்ந்துவிடும்.

ஈரக்குமிழ் வெப்பமானி ஒருவகையில் வியர்க்கும் உடலின் மாதிரியே. துணியிலிருந்து நீர் ஆவியாகும் அளவுக்கு அது குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் குளிர்ச்சி குன்றுகிறது. ‘இம்மனிதன் எவ்வளவு தாங்குவான்’ என்னும் வினாவை ‘இவ்விடம் எவ்வளவு இடங்கொடுக்கும்’ என்னும் வினாவாக அது மாற்றியது.

4. பாலைவனச் சோதனைகள்

குறைந்த நீருக்குப் பழகினால் உடல் உரம்பெறும் என்னும் கருத்து படைகளிலும் வேரூன்றியிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு அடால்ஃபும் குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் வீரர்களைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தனர். ‘பாலைவனத்தில் மனிதனின் உடலியங்கியல்’ எனப் பொருள்படும் நூலாக 1947இல் வெளிவந்த அம்முடிவுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, நீரின்றி வாழ உடலைப் பழக்க இயலாது. இரண்டாவது, உழைக்கும் மனிதன் தாகத்திற்கேற்பக் குடித்தாலும் இழந்த நீர் முழுவதையும் உடனே ஈடுசெய்வதில்லை. மூன்றாவது, பாலைவன வெயிலில் ஆடையணிந்தவர் ஆடையற்றவரைவிடக் குறைவாகவே நீரை இழந்தனர்.

நீரின்மைக்குப் பழகாத உடல் வெப்பத்திற்குப் பழகுகிறது என்பதை இங்கே வேறுபடுத்திக் காண வேண்டும். ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்கள் வெயிலில் படிப்படியாகப் பயின்றவருக்கு வியர்வை விரைவில் தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது. ஆகவே பழகிய உடலுக்குக் கூடுதல் நீர் தேவைப்படுகிறதேயன்றிக் குறைந்த நீர் போதுமானதாவதில்லை. இவ்விரு பழக்கங்களையும் ஒன்றெனக் கருதியதே பழைய நம்பிக்கையின் அடிப்படைப் பிழை.

5. பாரிஸ் தீவின் கொடிகள்

அமெரிக்கத் தென் கரோலினா மாநிலத்தின் பாரிஸ் தீவு, கடற்படைக் காலாட்படையின் பயிற்சித் தளம். கோடையில் புதிய வீரர்கள் வெப்பத்தால் வீழ்ந்ததை ஆராய்ந்த கான்ஸ்டன்டின் யாக்லூவும் டேவிட் மினார்டும் 1957இல் ‘ஈரக்குமிழ் கோள வெப்பநிலை’ என்னும் கூட்டளவை முன்வைத்தனர். ஈரக்குமிழ் அளவில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானியின் அளவில் 0.2 பங்கு, காற்றின் வெப்பநிலையில் 0.1 பங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது.

இக்கணக்கின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உலர்ந்த உள்நாட்டு ஊர் ஒன்றில் காற்று 42, ஈரக்குமிழ் 22, கருங்கோளம் 55 டிகிரி எனக் கொண்டால் கூட்டளவு 30.6. கடற்கரை நகரொன்றில் இவை முறையே 34, 29, 45 டிகிரி எனில் கூட்டளவு 32.7. செய்திகள் அறிவிக்கும் வெப்பநிலை எட்டு டிகிரி குறைவாக இருந்தும், கடற்கரையில் ஓடுபவருக்கே இடர் மிகுதி.

இவ்வளவின் அடிப்படையில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புக் கொடிகள் ஏற்றும் முறை வழக்கிற்கு வந்தது. இன்றைய வழக்கில் 32.2 டிகிரியில் கறுப்புக்கொடி ஏற்றப்பட்டுக் கடும் பயிற்சி நிறுத்தப்படுகிறது. பயிற்சியாளரின் கண்டிப்போ வீரரின் வீம்போ அங்கு முடிவெடுப்பதில்லை; கொடியே முடிவெடுக்கிறது.

6. விளையாட்டு விதிகளின் தாமதம்

இதே காலத்தில் நெடுந்தொலைவு ஓட்டத்தின் நிலை வேறாக இருந்தது. 1950களின் பன்னாட்டுத் தடகள விதி, மாரத்தானில் முதல் 15 கிலோமீட்டருக்குப் பின்னரே நீர் முதலியன வழங்க இடமளித்தது. 1954இல் வான்கூவரில் நிகழ்ந்த பேரரசு, காமன்வெல்த் விளையாட்டில், பிறரைவிட வெகுதொலைவு முன்னிலையில் அரங்கினுள் நுழைந்த ஜிம் பீட்டர்ஸ் மீண்டும் மீண்டும் வீழ்ந்து, எல்லைக்கோட்டை அடையாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அவர் அதன்பின் மாரத்தான் ஓடவில்லை.

1969இல் தென்னாப்பிரிக்காவின் விண்டமும் ஸ்டிரைடமும், போதிய நீர் அருந்தாமல் மாரத்தான் ஓடுவதன் இடரை எடுத்துரைத்தனர். விண்டம் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் வெப்பத் தாங்குதிறனை ஆராய்ந்தவர் என்பது கருதத்தக்கது. 1975இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, கூட்டளவு 28 டிகிரியைக் கடந்தால் நெடுந்தொலைவு ஓட்டங்களை நடத்தலாகாது எனவும், 3 முதல் 4 கிலோமீட்டர் இடைவெளியில் நீர் வழங்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. சுரங்கமும் படையும் கண்ட அளவீடு இவ்வாறே விளையாட்டுக்குள் நுழைந்தது.

சுரங்க முதலாளிக்கும் படைத் தலைமைக்கும் ஒருவர் வீழ்வது தம் கணக்கில் ஏறும் இழப்பு. தானே விரும்பி ஓடும் வீரர் வீழ்ந்தால் அது அவரது குறைபாடாகவோ வீரமாகவோ விளக்கப்பட்டது. இவ்வேறுபாடே விளையாட்டின் தாமதத்தை விளக்குகிறது எனலாம்.

7. மறுமுனைப் பிழை

நீர்மறுப்பு நீங்கியபின் எதிர்ப்பக்கப் பிழையும் தோன்றியது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் குருதி ஆய்வுக்குட்பட்ட 488 பேருள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மிகையாக நீர் அருந்தியதே அதன் முதன்மைக் காரணம். நீர் வியர்வைக்கு ஈடே தவிர, வெப்பத்திற்கு முழு மாற்று அன்று. வெப்பத்தாக்கு நேர்ந்தபின் உயிர்காப்பது விரைவான குளிர்விப்பு. மாசசூசெட்சின் ஃபால்மத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குற்று, குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தப்பட்ட 274 பேரும் உயிர்பிழைத்தனர் என 2015இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

முடிவுரை

2019இல் தோகா உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தான் நள்ளிரவில் நடத்தப்பட்டும், ஓடிய 68 பேருள் 28 பேர் இடையில் விலகினர். அவ்வாண்டிலேயே தோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் சப்போரோவுக்கு மாற்றப்பட்டது. 1904இல் பிற்பகல் வெயிலைத் தேர்ந்த அதே ஒலிம்பிக் ஓட்டம், 2021இல் ஊரையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டது. நிழல், நேரம், ஓய்வு, நீர், படிப்படியான பழக்கம், ஆயத்தமாக உள்ள குளிர்நீர் ஆகியவை ஓடுபவர் ஒருவரே தேடிக்கொள்ளக்கூடியவை அல்ல. நடத்துபவர் ஏற்பாடு செய்ய வேண்டியவை. பள்ளி விளையாட்டு விழா முதல் காவலர் தேர்வின் ஓட்டச் சோதனை வரை, கோடையில் பிறரை ஓடச்செய்யும் எவருக்கும் இவ்வரலாறு முன்வைக்கும் வினா ஒன்றே: ஓடுபவரின் உறுதியைச் சோதிக்குமுன், அவர் ஓடும் வெளியின் வெப்பம் அளக்கப்பட்டதா?