ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய கதை

தேயிலை, ரப்பர், தேங்காய். 1948-இல் சுதந்திரம் பெற்ற இலங்கை இந்த மூன்றையும் விற்றுத்தான் பிழைத்தது. ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இவற்றிலிருந்தே வந்தது. சாப்பிடும் அரிசியில் ஏறத்தாழ பாதி கப்பலில் வரவேண்டும். விற்கும் சரக்குக்கும் வாங்கும் சரக்குக்கும் விலை வைத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

மூன்றில் கடைசியாக அந்த மண்ணுக்கு வந்தது ரப்பர். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876-இல் கொழும்புக்கு அருகே ஹெனரத்கொட வந்து சேர்ந்தன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எங்கும் ரப்பர்த் தோட்டங்கள். விடியும் முன்னே மரத்தில் பால் வெட்ட வேண்டும். சிரட்டையில் சேர்ந்ததை உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, புகை போட்டுக் காயவைக்க வேண்டும். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். ராமநாதபுரம் மாவட்டத்தார் பலரும் கடலோர மண்டபம் முகாம் வழியாகக் கடல் தாண்டினார்கள்.

1950-இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை எகிறியது. அமெரிக்கா வேண்டுமட்டும் வாங்கிக் குவித்த பிறகு விலை சரிந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கூப்பன் அரிசிக்கு மானியம் கொடுத்துக் கொடுத்து இலங்கையின் கஜானா கரைந்தது.

கொரியப் போரில் இறங்கியிருந்த சீனாவுக்கோ ரப்பர் கிடைக்கவில்லை. போருக்கு உதவும் பொருள்களை அதற்கு விற்கக் கூடாதென்றது 1951 மே மாதத்து ஐ.நா. தீர்மானம். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடே அல்ல, 1955-இல்தான் சேர்ந்தது.

இலங்கைப் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் கட்சி கம்யூனிஸ்டுகளை எதிர்த்தே அரசியல் செய்த கட்சி. அவருடைய வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கதான் சீனாவோடு பேசி முடித்தார். 1952 டிசம்பர் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் ஷீட் போகும். 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே கொடுக்கவும் சீனா சம்மதித்தது. அமெரிக்கா பொருளாதார உதவியை மறுத்தது. இலங்கை பின்வாங்கவில்லை. இலங்கைக்கும் சீனாவுக்கும் இடையே தூதரக உறவுகூட அப்போது இல்லை. மக்கள் பசியை முன்னே வைத்து எடுத்த அந்த முடிவைத் துணிச்சலான முடிவென்றே நான் மதிக்கிறேன்.

அரிசி வந்தும் மானியச் சுமை தீரவில்லை. 1953-இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12-இல் ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

இந்த ஒப்பந்தத்தை இரு நாட்டு நட்புக்கு அடையாளமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் பால் வெட்டியவர்களைக் காணோம். 1948-இல் வந்த சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. ஒப்பந்தம் போட்ட அரசைத் தேர்ந்தெடுத்த 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓட்டில்லை. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது.

அப்படித் திரும்பி வந்த குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்துக் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.