ஒரே சட்டத்தில் பிறந்த இரண்டு சாலைகள்: இந்தியாவும் பர்மாவும்

மணிப்பூரின் எல்லை நகரமான மோரேயிலிருந்து பர்மாவின் தாமு நகரம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆனால் அந்த எல்லைக்கு இப்பால் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. அப்பால் வலப்புறமாகச் செல்கின்றன. இரு நாடுகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை, ஒரே மோட்டார் வாகனச் சட்டத்தைப் பெற்றவை என்பதை நினைவிற்கொண்டால் இவ்வேறுபாடு வியப்பளிக்கும். அதன் வரலாறு, ஓர் அரசாணையால் எதை மாற்ற இயலும், எதை மாற்ற இயலாது என்பதற்கு நல்ல சான்று.

மூன்று போர்களின் மூலம் பர்மாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1886இல் அதனைப் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக்கினர். எனவே 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் சென்னைக்கும் ரங்கூனுக்கும் பொதுவாக இருந்தது. இரு நகரங்களிலும் வாகனங்கள் இடப்புறமே சென்றன. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1988ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சட்டங்கள் மாறினாலும் இடப்புறம் மாறவில்லை. பர்மாவிலும் விடுதலைக்குப் பின் இருபதாண்டுகளுக்கு மேல் அதே வழக்கமே நீடித்தது.

1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த இந்தியர் லட்சக்கணக்கில் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் தமிழர் பலர். சென்னைக்குக் கப்பலேறி வந்து, இங்கு வேர்விட இயலாமல், தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டோர் மோரேயிலேயே தங்கினர். இன்றும் அங்குத் தமிழ்க் குடும்பங்களும் அம்மன் கோயிலும் இருப்பது அதனால்தான்.

அதே ஆட்சி 1970இல் நாட்டின் வாகனங்கள் அனைத்தையும் வலப்புறத்திற்கு மாற்றியது. ஏன் மாற்றியது என்பதற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. நாடு அரசியலில் அளவு மீறி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, வலப்பக்கம் திருப்பினால் கேடு நீங்கும் என்று சோதிடர் ஒருவர் கூறினார் என்பது ஒன்று. காலனிய ஆட்சியின் எச்சத்தைக் களையவே மாற்றினர் என்பது மற்றொன்று. முதற்கதையைத்தான் மக்கள் மிகுதியும் நம்பினர். அந்நம்பிக்கைக்குப் பிற்காலமும் வலுச் சேர்த்தது. 1987இல் அதே ஆட்சி புழக்கத்திலிருந்த நோட்டுகளைச் செல்லாதவையாக்கி, ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டது. எண்சோதிடத்தின்படி பணத்தை அச்சிட்ட ஆட்சி சாலையையும் சோதிடத்தின்படி திருப்பியிருக்கும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

சோதிடக் கதை சுவையானது. ஆயினும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்வதால் முதன்மையான கேள்வி மறைந்துபோகிறது. காரணம் எதுவாயினும், மாற்றத்தின் சுமையை யார் சுமந்தனர் என்பதே அக்கேள்வி.

இங்குச் சுவீடனை ஒப்பிடுவது பயன் தரும். அந்நாடு 1967 செப்டம்பர் 3 அன்று இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறியது. 1955இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மாற்றத்தை மறுத்திருந்தனர். 1963இல் நாடாளுமன்றம் முடிவெடுத்த பின் நான்காண்டுகள் ஆயத்தப் பணிகள் நடந்தன. பேருந்துகளின் கதவுகள் மறுபக்கம் மாற்றப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவீடனின் கார்களில் ஸ்டியரிங் முன்பே இடப்பக்கம் இருந்தது. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்புறமே சென்றன. வாகனமும் அண்டை நாடும் இருந்த திசைக்குச் சுவீடனின் சாலை திரும்பியது.

பர்மாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க, சாலை மட்டும் திரும்பியது. பின்வந்த ஆண்டுகளிலும் ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களே மிகுதியாக இறக்குமதியாயின. ஜப்பான் இடப்புறம் செல்லும் நாடாதலின் அவற்றிலும் ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது. இதன் விளைவுகளை எண்ணிப் பார்க்கலாம். வலப்புறம் செல்லும் வாகனத்தின் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் சாலையோரத்தில் இருக்கிறார். முன்செல்லும் லாரியை முந்த வேண்டுமானால் எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. அருகில் அமர்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேருந்தின் கதவு இடப்பக்கம் இருந்தால் பயணிகள் நடுச்சாலையில் இறங்க வேண்டும். இடப்புறச் சாலைக்கென அமைந்த முகப்பு விளக்குகள், தாழ்த்தப்பட்ட நிலையிலும் எதிரே வருவோரின் கண்ணை நோக்கிச் சாய்ந்திருக்கும். அரசு ஒரே நாளில் எழுதிய விதியின் விலையை ஓட்டுநரும் நடத்துநரும் பயணியும் ஐம்பதாண்டுகளாகத் தவணையில் செலுத்தி வருகின்றனர். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட வாகனங்களின் இறக்குமதிக்குத் தடைகள் 2010களின் பிற்பகுதியிலேயே வந்தன.

இந்தியச் சட்டத்திலோ இதே சிக்கல் விதிவிலக்காகக் கருதப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட வாகனத்தில் உரிய சைகைக் கருவி இல்லாவிடில் அதைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. ஸ்டியரிங் சாலைக்கு மாறான பக்கத்தில் இருப்பது தனிக் கவனம் தேவைப்படும் நிலை என்பதை இந்தியச் சட்டம் ஏற்றது. எல்லைக்கு அப்பால் அந்நிலையே நாட்டின் பொதுநிலையாயிற்று.

மொழியியல் பயின்றோருக்கு இது பழகிய காட்சி. பர்மிய மொழியில் ரகர ஒலி பெரும்பாலான வழக்குகளில் யகரமாகத் திரிந்துவிட்டது; எழுத்து மட்டும் மாறவில்லை. 'ரங்கூன்' என்று ஆங்கிலேயர் எழுதிய பெயரை இன்று 'யாங்கோன்' என்கிறோம். பர்மிய எழுத்தில் அது இன்றும் ரகரத்தில்தான் தொடங்குகிறது. ஒலி நகர்ந்த பின்னும் எழுத்து பழைய இடத்திலேயே நிற்பது போல, விதி நகர்ந்த பின்னும் ஸ்டியரிங் பழைய இடத்தில் நின்றது. ஒரு வேறுபாடு உண்டு. ஒலி மாற்றத்தை யாரும் ஆணையிடுவதில்லை. எழுத்து பின்தங்குவதால் எவரும் உயிரிழப்பதுமில்லை.

இடமா வலமா என்பதில் அறிவியல் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் ஒரு நாட்டின் எல்லாச் சாலைகளிலும் ஒரே பக்கம் வேண்டும் என்று மட்டுமே கோரியது. எந்தப் பக்கம் என்று கூறவில்லை. இத்தகைய விதிகளின் வலிமை உடன்பாட்டில்தான் உள்ளது. போர்ச்சுகல் 1928இல் வலப்புறத்திற்கு மாறியபோது கோவாவை மாற்றாமல் விட்டது, அதைச் சூழ்ந்த பிரிட்டிஷ் இந்தியா இடப்புறம் சென்றதால்தான். பேரரசுகூட அண்டை நிலத்தின் வழக்கத்தை மதித்தது. பர்மாவோ இந்தியா, தாய்லாந்து, அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் ஆகிய இடப்புற அண்டை நாடுகள் மூன்றையும் பொருட்படுத்தவில்லை.

இதன் விளைவு இனிமேல்தான் முழுமையாகத் தெரியவரும். மோரேயிலிருந்து பர்மா வழியே தாய்லாந்தின் மே சோட் வரை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் நீளத்திற்கு முத்தரப்பு நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டுள்ளது. அதன் முழு நீளத்தையும் கடக்கும் சரக்கு லாரி இடத்திலிருந்து வலத்திற்கும், மீண்டும் வலத்திலிருந்து இடத்திற்கும் மாற வேண்டியிருக்கும். பாலங்கள், சுங்கம், உள்நாட்டுப் போர் ஆகியவை பற்றிய பேச்சில் இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அந்த லாரியை ஓட்டப்போகிறவருக்கு, பர்மாவின் சாலைகள் முழுவதிலும், முன்செல்லும் வண்டியை முந்தும் ஒவ்வொரு முறையும் அது உயிர்ச் செய்தி. நெடுஞ்சாலைக்கான மோட்டார் வாகன உடன்படிக்கையை எழுதுவோர், ஓட்டுநர் பயிற்சி, பக்கம் மாறுமிடத்தின் அமைப்பு, முகப்பு விளக்கு ஆகியவற்றை முதற்பக்கத்திலேயே வைக்க வேண்டும். 1970இல் அவற்றைப் பற்றி ஓட்டுநர்களை யாரும் கேட்கவில்லை.