பூரி ரயில் நிலையத்து டிரங்குப் பெட்டி: ஒரு கொலையும் ஒரு வாக்கியமும்

1937 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை நண்பகல். வங்காள நாக்பூர் ரயில்வேயின் கிளைப்பாதை முடியும் பூரி நிலையம். வண்டியின் மூன்றாம் வகுப்பில் உரிமை கோருவார் எவருமின்றி ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி கிடந்தது. அதனுள் ஓர் ஆணின் உடல் ஏழு துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் பெயரில்லை, இறந்தவர் யாரென அந்த ஊரில் எவருக்கும் தெரியவில்லை.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை நினைவுக்கு வருவது இயல்பு. அங்கும் ஒரு டிரங்குப் பெட்டி, அங்கும் ஒரு ரயில். உடல் மானாமதுரையிலும் தலை இராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தன. அவ்வழக்கில் இறந்தவரின் பெயரே வழக்கின் பெயராக மக்கள் நினைவில் நின்றுவிட்டது. பூரி வழக்கு நேர்மாறானது. சட்ட மாணவர் அனைவரும் அதைப் படிக்கின்றனர். ஆனால் 'பகாலா நாராயண சுவாமி எதிர் பேரரசர்' என்னும் தலைப்பில், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரால் படிக்கின்றனர். கொலையுண்டவர் பாடநூல்களில் பெரும்பாலும் 'இறந்தவர்' மட்டுமே.

அவர் பெயர் நூகராஜு. அனகாப்பள்ளியில் கோயில் கொண்டுள்ள நூகாம்பிகையின் பெயரை அடியொற்றி வைக்கப்படும் நூகராஜு, நூகாலம்மா, நூகரத்தினம் போன்ற பெயர்கள் வட ஆந்திரக் கடலோரத்தில் மிகுதி. பெயர் தெரிந்திருந்தால், அக்கரையைச் சேர்ந்த எவரும் அவர் எப்பகுதியினர் என்பதை ஒருவாறு ஊகித்திருப்பர். பெயர் தெரியாமற் போவது எத்துணைப் பெரிய இழப்பு என்பது இத்தகைய இடங்களில்தான் புலனாகிறது. சிற்றூரில் ஒருவரை முகமும் குடும்பமும் தொழிலும் சேர்ந்து அடையாளம் காட்டுகின்றன. அவ்வூர் எல்லையைத் தாண்டிய உடலுக்கு இவற்றுள் ஒன்றும் துணைக்கு வராது. நாள்தோறும் அயலூர் யாத்திரிகர் வந்திறங்கும் பூரியில் ஓர் அந்நியரின் உடலை யாரென்று கேட்பது?

ஏறத்தாழ நாற்பது வயதுடைய நூகராஜு, சென்னை மாகாணத்துப் பித்தாபுரம் ஜமீனின் திவானிடம் சேவகராகப் பணியாற்றியவர். நாராயண சுவாமி அந்தத் திவானின் மகளை மணந்தவர். சுமார் 250 மைல் தொலைவிலிருந்த பெர்ஹாம்பூரில் வாழ்ந்தவர். அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1936 ஏப்ரல் 1 அன்று, ஒரிசா தனி மாகாணமாகி, பெர்ஹாம்பூர் சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து சென்றிருந்தது. ஆகவே பித்தாபுரத்தில் வண்டியேறிய மனிதர் புத்தம்புதிய எல்லை ஒன்றைக் கடந்து சென்றார். அவருடைய வழக்கு சென்னைக்கு வராமல் பாட்னா உயர்நீதிமன்றத்துக்குச் சென்றதன் காரணமும் இதுவே.

கொலைக்குப் பின்னணி கடன். 1936இல் திவானின் மகள் தம் தந்தையின் சேவகரிடமே சிறுசிறு தொகைகளாக மொத்தம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டிக்கு, கடன் பெற்றிருந்தார். அவர் கையொப்பமிட்ட ஏறத்தாழ ஐம்பது கடிதங்களும் குறிப்புகளும் நூகராஜுவின் வீட்டில் பின்னர் கிடைத்தன. பெரிய வீட்டுப் பெண் சேவகரிடம் கடன் வாங்குவதும், சேவகர் அதற்குச் சான்றான ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தியதும் அக்கால ஜமீன் வாழ்வைப் பற்றித் தனியே ஆராயத்தக்க செய்தி.

மார்ச் 20, சனிக்கிழமை, நூகராஜுவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் மட்டும் கையொப்பம் இல்லை. அதை மனைவிக்குக் காட்டி, நாராயண சுவாமியின் மனைவி பணத்தைப் பெற்றுக்கொள்ள வருமாறு எழுதியிருப்பதால் தாம் பெர்ஹாம்பூர் செல்வதாகச் சொன்னார். ஞாயிறன்று புறப்பட்டார். செவ்வாயன்று அவர் உடல் பூரியில் இருந்தது. சில நாள் கழித்து அவ்வுடலை அடையாளம் காட்டியவரும் அந்த மனைவியே.

பெட்டி பெர்ஹாம்பூரில் வாங்கப்பட்டது. அதை வாங்கியது நாராயண சுவாமிக்காகவே என்றது அரசுத் தரப்பு. கீழ்நிலை நடுவர் சான்று போதாதென்று அனைவரையும் விடுவித்தார். செஷன்ஸ் நீதிபதி தலையிட்ட பின்னரே விசாரணை நடந்தது. மனைவி விடுவிக்கப்பட்டார், கணவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பாட்னா உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1939 ஜனவரியில் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அட்கின் பிரபு தீர்ப்பு வழங்கினார்.

மொழியியல் நோக்கில் வழக்கின் சாரம் இங்கேதான் உள்ளது. நீதிமன்றத்தின் முன் இரண்டு கூற்றுகள் இருந்தன. ஒன்று, கைதாவதற்கு முன் நாராயண சுவாமி காவல்துறையிடம் கூறியது: நூகராஜு 21ஆம் தேதி மாலை தம் வீட்டுக்கு வந்தார், வெளியறையில் தங்கினார், மறுநாள் மாலை ரயிலில் சென்றுவிட்டார். மற்றொன்று, நூகராஜு மனைவியிடம் சொன்னது. இரண்டாவது உண்மையில் மூன்றடுக்குக் கூற்று. கடிதம் சொன்னதைக் கணவர் சொன்னார். கணவர் சொன்னதை மனைவி சொன்னார். தமிழில் 'என்று', தெலுங்கில் 'அனி' என்னும் ஒரு சிறு இடைச்சொல்லே இவ்வடுக்குகளைத் தாங்கி நிற்பது. செவிவழிச் செய்தியை ஐயத்துடனேயே நோக்கும் சட்டம் இதை எளிதில் தள்ளியிருக்கலாம்.

அட்கின் பிரபு முதற்கூற்றைத்தான் தள்ளினார். புலனாய்வின்போது 'எந்த ஒருவரும்' காவல்துறையிடம் கூறுவதை விலக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு, பின்னாளில் குற்றம் சாட்டப்படுபவரையும் உள்ளடக்கும் என்றார். தன் மீது ஐயம் எழுப்பக்கூடிய செய்தி ஒன்றைக் கூறுவது மட்டுமே குற்ற ஒப்புதல் ஆகாது என்ற விளக்கமும் இத்தீர்ப்பில் உள்ளது. இரண்டாவது கூற்றை இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32(1) பிரிவின்கீழ் ஏற்றார். ஆங்கிலச் சட்டத்தில் மரண வாக்குமூலம் என்றால், சாவு நெருங்கிவிட்டதெனச் சொல்பவர் உணர்ந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அவ்வாறு கேட்கவில்லை; சாவில் முடிந்த 'நடவடிக்கையின் சூழ்நிலைகள்' குறித்த பேச்சும் போதும் என்கிறது. பொதுவான அச்சமோ ஐயமோ அதில் அடங்காது. எங்குச் செல்கிறேன், ஏன் செல்கிறேன், யார் அழைத்தார் என்பது அடங்கும். மேல்முறையீடு தள்ளுபடியானது.

'மரண வாக்குமூலம்' என்னும் தமிழ்ச் சொற்றொடர் மருத்துவமனைக் கட்டிலையும் நடுவரையும் நினைவூட்டுவது. நூகராஜுவின் வாக்கியத்தில் மரணத்தின் சாயலே இல்லை. அது கடனைத் திரும்பப் பெறப் புறப்படும் ஒருவர் வீட்டில் சொல்லும் சாதாரணப் பேச்சு. செயலறிவிப்பே அன்றி வாக்குமூலம் அன்று. அவர் சொல்லாமற் சென்றிருந்தால், அல்லது கேட்பதற்கு ஒருவர் இல்லாதிருந்தால், பூரியில் கிடைத்த உடலுக்கும் பித்தாபுரத்தில் இருந்த ஐம்பது தாள்களுக்கும் இடையே தொடர்பு காண்பது அரிதாயிருக்கும். சட்ட நூல்கள் 32(1) பிரிவின் விரிவைப் போற்றுகின்றன. அப்பேச்சை நினைவில் வைத்து மூன்று நிலை நீதிமன்றங்கள் ஏற்கும் சான்றாக்கிய மனைவியை ஏறக்குறைய மறந்துவிட்டன.

1984இல் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை மேலும் விரித்தது. இளம் மனைவி ஒருவர் தம் உறவினருக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள் அங்கு ஆராயப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் பழைய 32(1), 26(அ) ஆகியுள்ளது. 'நடவடிக்கையின் சூழ்நிலைகள்' என்ற தொடர் அதிலும் நீடிப்பதால், வகுப்பறைகளில் நாராயண சுவாமி வழக்கு தொடர்ந்து கற்பிக்கப்படும். பித்தாபுரத்து வீட்டில் சனிக்கிழமை சொல்லப்பட்ட அந்த வாக்கியமும் எடுத்துக்காட்டாக, சொன்னவர் பெயரின்றி, தொடர்ந்து வரும்.