உண்ணிக்கு எது பருவம்? பழவேற்காட்டுக் கரை ஊர்களை முன்வைத்து

தமிழில் ‘உண்ணி’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று உயிர்கள் அடங்கியிருக்கின்றன. மாட்டின் மடியிலும் அலைதாடியிலும் ஒட்டிக்கொண்டு ஆமணக்கு விதை அளவுக்கு உப்புவது ஒன்று. நாயின் காதுமடலிலும் திண்ணைச் சுவரின் வெடிப்பிலும் குடியிருப்பது மற்றொன்று. மூன்றாவது கண்ணுக்கே எளிதில் அகப்படாதது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை நம் நாளிதழ்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றே எழுதுகின்றன. ஆனால் அதைக் கொண்டுவருவது உண்ணி அல்ல. லெப்டோட்ராம்பிடியம் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிரின் ஆறுகால் குஞ்சு அது, சிகர் என்பார்கள். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். உண்ணியும் சிகரும் சிலந்தி வகுப்பைச் சேர்ந்த உறவினர்கள் என்பது உண்மையே. ஆனால் அவை நோயைச் சுமக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் மாதக்கணக்கும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பருவமும் ஒன்றுதான் என்று எண்ணிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் ரயில் நிற்கும் அனுப்பம்பட்டையும், அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் வரிசையாக அமைந்த குப்பங்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வயலும் வரப்பும் மேய்க்கால் புறம்போக்கும் வேலிக்காத்தான் புதரும் உவர்நீர் ஏரியும் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வரும் நிலம் அது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டையே பயிர்ப்பட்டங்களால் அளக்கும் நாடு. இங்கே உண்ணியின் பருவத்தை எதைக் கொண்டு அளப்பது?

நம் நாட்டில் உண்ணியின் பருவம் மிக நுணுக்கமாகக் கணிக்கப்பட்ட இடம் கருநாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை. 1957இல் சிவமொக்கா மாவட்டம் சொரப வட்டத்தில் கியாசனூர் காட்டையொட்டிய ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார்கள். புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையம், அதாவது இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம், நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தது. அது ரஷ்ய வசந்தகால–கோடைக்கால மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தபோது, சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் மீது ஐயம் விழுந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சாலிம் அலி நடத்திய பறவை வளையமிடும் பணிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவு கிடைத்ததற்கு இந்த ஐயமும் ஒரு காரணம். நம் கோடிக்கரையும் அந்தப் பணியின் களமாயிற்று. பறவைகள்தாம் அந்த வைரஸைக் கொண்டுவந்தன என்று கடைசிவரை நிறுவப்படவில்லை. ஆனால் பூநாரைகள் வந்திறங்கும் பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர் இந்த வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ரஷ்யப் பெயரில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கே உண்ணியை உறங்க வைப்பதும் எழுப்புவதும் வெப்பம். பனி உருகி மண் சூடாகும்போது அது புல்நுனிக்கு ஏறுகிறது. கியாசனூரிலும் நோய்க்குப் பருவம் உண்டு; டிசம்பர் முதல் மே வரை அது தலைகாட்டுகிறது. இரண்டுக்கும் பருவம் இருப்பதைக் கண்டு காரணமும் ஒன்றே என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். வெப்பமண்டலத்தில் உண்ணிக்குக் குளிர் ஒரு தடையே இல்லை. அதன் உயிர்ப்பிரச்சினை ஈரம். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அது விலங்கின் உடலுக்கு வெளியே, சருகுக்கடியில் பட்டினியாகக் கழிக்கிறது. உடல் நீர் வற்றும்போது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஈடுகட்டுகிறது. முட்டைக்கு அந்தத் திறமையும் கிடையாது. வறண்ட மண்ணில் அது சுருங்கிச் சாகும்.

எனவே கியாசனூரின் கணக்கைத் தொடங்கிவைப்பது தென்மேற்குப் பருவமழைதான். அங்கே முதன்மைக் கடத்தியான ஹீமஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா உண்ணியில் வளர்ந்தவை ஜூனில் மழை இறங்கியதும் வெளிவருகின்றன. மாடு போன்ற பெரிய விலங்குகளின் ரத்தம் குடித்து, கீழே விழுந்து, முட்டையிட்டு மடிகின்றன. மழை ஓய்ந்த பிறகு குஞ்சுகள் பெருகுகின்றன. அவை எலி, பறவை, குரங்கு ஆகியவற்றின் மீது ஏறுகின்றன. வைரஸ் இருக்கும் விலங்கிடமிருந்து அதை வாங்கிக்கொள்கின்றன. தோலுரித்து எட்டுக்கால் இளம்பருவம் அடைந்து டிசம்பருக்குப் பின் மறுபடி பசியோடு காத்திருக்கும்போதுதான் அவை மனிதரைக் கடிக்கின்றன. அதே மாதங்களில்தான் மலைக்கிராமத்தார் விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குள் போகிறார்கள். ஆக, மழைக்கும் மனிதக் காய்ச்சலுக்கும் இடையில் அரையாண்டு இடைவெளி விழுகிறது. வைரஸ் குஞ்சுப் பருவத்தில் வாங்கப்பட்டு அடுத்த பருவத்தில் கொடுக்கப்படுவதால் நேரும் இடைவெளி அது.

இந்தக் கணக்கு நம் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது. 2012 இறுதியில் பந்திப்பூர்ப் பகுதியில் நோய் கண்டது. அதன் பின் நீலகிரிப் பக்கமும் வயநாடும் கண்காணிப்புக்குள் வந்தன. அங்கே கியாசனூர் நாட்காட்டி பெருமளவு பொருந்தும். ஆனால் அதை அப்படியே தூக்கிக் கிழக்குக் கடற்கரையில் வைத்தால் பொருந்தாது.

இங்கே நம்மை உண்மையில் வாட்டும் நோய் ஸ்க்ரப் டைஃபஸ். 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரிவரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளைப் பற்றி எலிசபெத் மத்தாயும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் எழுதிய கட்டுரை, குளிர்மாதக் கொள்ளைநோய் என்றே தலைப்பிட்டு வந்தது. தென்னிந்தியாவில் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரிவரை நோய் மிகுவதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. 2020க்கும் 2022க்கும் இடையில் தமிழ்நாட்டின் 37 ஊர்களில் 32,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கிராமப்புறத்தில் இந்தத் தொற்று எவ்வளவு சாதாரணமாகப் பரவியிருக்கிறது என்பதை வெளிக்கொண்டுவந்தது. 2025இன் தொடக்கத்தில் நம் பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று.

சிகரின் கணக்கு உண்ணியின் கணக்கைவிட எளியது, அதனாலேயே கொடியது. அது வாழ்நாளில் ஒரே ஒருமுறை, குஞ்சாக இருக்கும்போது மட்டுமே விலங்கின் உடலில் வாய் வைக்கிறது. வளர்ந்த பிறகு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்கிறது. ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஓரியென்ஷியா நுண்ணுயிரை அது எலியிடம் வாங்கி மனிதரிடம் தர வேண்டியதில்லை. தாயின் முட்டை வழியாகவே பிறப்பிலேயே பெற்றுவிடுகிறது. எனவே வாங்குவதற்கு ஒரு பருவம், கொடுப்பதற்கு மற்றொரு பருவம் என்ற இடைவெளியே இங்கில்லை. மண் நனைந்து குஞ்சுகள் பொரிந்து வெளிவரும் நாட்களே நோயின் நாட்களும். கியாசனூரில் மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் அரையாண்டு என்றால், இங்கே மழையோடு ஒட்டியே காய்ச்சல் வருகிறது.

அப்படியானால் அடைமழையான ஐப்பசிக்கு முன்பே, ஆகஸ்டிலேயே எண்ணிக்கை ஏன் ஏறத் தொடங்குகிறது? வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம் மழை என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். வடதமிழகக் கடற்கரைக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குக் காலத்திலேயே வந்துவிடுகிறது. பகலெல்லாம் காய்ந்து மாலையில் இடியோடு கொட்டும் ஆடி, ஆவணி, புரட்டாசி மழை அது. அந்த மழை மண்ணை முதலில் எழுப்புகிறது; ஐப்பசி, கார்த்திகை அதை நனைத்தே வைத்திருக்கின்றன; மார்கழிப் பனி ஈரத்தை நீட்டித்துத் தருகிறது. பங்குனி வெயிலில்தான் மேல்மண் உலர்கிறது. ஒரு மழைக்காலம் கொண்ட மலைநாட்டின் ஒற்றை முகட்டு வரைபடத்தைவிட, இரண்டு மழையும் ஒரு பனியும் சேர்ந்து இழுத்து நீட்டிய ஏழுமாத மேடுதான் பொன்னேரி வட்டத்துக்குப் பொருத்தமான வடிவம் என்று கருதுகிறேன்.

நீர் நிற்கும் வயலுக்குள் சிகரைத் தேடக்கூடாது. வரப்பு, ஏரிக்கரை, புதர் மண்டிய புறம்போக்கு ஆகிய மேட்டு ஈரமே அதன் இடம். சம்பா களையெடுப்பு, வரப்பு செதுக்குதல், விறகு பொறுக்குதல், புல்லறுப்பு என்று அந்த மாதங்களில் அந்த மேட்டில் குந்தி வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மாட்டு உண்ணியின் கணக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ரிபிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ் என்னும் அந்த உண்ணி குஞ்சாக ஏறிய மாட்டிலேயே ஏறக்குறைய மூன்று வாரத்தில் வளர்ந்து முடித்து, இறங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஆண்டுக்குப் பல தலைமுறை. மாடு சிவப்பாக மூத்திரம் விடும் பபீசியா நோயையும் அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது. தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் இதன் நெருங்கிய இனத்தை வைத்து, உண்ணி நோய் பரப்பும் என்று 1893இலேயே மெய்ப்பித்தார்கள். கொசுவைப் பற்றி ரொனால்ட் ராஸ் கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் தாளடியிலும் மேய்க்காலிலும் ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாக மேயும்போது, கார்த்திகை ஈரத்தில் தப்பிப் பிழைத்த முட்டைகளின் வாரிசுகள் அங்கே காத்திருக்கும். நாட்டு மாட்டைவிடக் கலப்பினப் பசு இதற்கு எளிதில் வசப்படும். கொட்டில் நிறையக் கலப்பினம் கட்டிய இன்றைய பால் பொருளாதாரத்தில் இந்தக் கணக்கு தெரியாமல் மருந்து தெளிப்பது வீண்செலவாகவே முடியும். நாய் உண்ணியோ சுவர் வெடிப்பின் நிழலில் வறட்சியையும் தாங்கி ஆண்டு முழுதும் இருக்கும்; அதற்குத் தனிப் பருவம் தேடுவது தேவையற்றது.

உண்ணியின் போக்கை நம் முன்னோர் கவனித்தே இருந்தார்கள். மாட்டின் பின்னாலேயே நடக்கும் வெண்ணிறக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயரிட்டது வெறும் உவமையால் அல்ல. அந்தக் கவனிப்பை எண்ணாக மாற்றுவதுதான் நம் தலைமுறையின் பொறுப்பு. மருத்துவமனைப் பதிவு மட்டும் இதற்குப் போதாது. அது பூச்சியை எண்ணுவதில்லை, கண்டுபிடிக்கப்பட்ட நோயாளியை மட்டுமே எண்ணுகிறது. பரிசோதனை செய்யும் மருத்துவமனை எங்கே இருக்கிறதோ அங்கே நோய் மிகுதியாகத் தெரியும்.

களப்பணிக்குப் பெரிய செலவில்லை. ஒரு மீட்டர் வெள்ளைக் கம்பளித் துணியை வரப்பிலும் மேய்க்காலிலும் மாதம் ஒருமுறை இழுத்து, ஒட்டியதைப் பருவம் பிரித்து எண்ண வேண்டும். பொறியில் விழுந்த எலியின் காதில் சிகரைப் பார்க்க வேண்டும். ஊர் மாடுகளில் சிலவற்றின் உடலில் உண்ணியைக் கணக்கிட வேண்டும். இவற்றை அந்தந்த ஊரின் மழையளவோடு ஒரே தாளில் வரிசைப்படுத்த வேண்டும். மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புதுச்சேரியிலுள்ள கடத்தி உயிரிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் சேர்ந்து ஈராண்டு இதைச் செய்தால் போதும். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் ஒரே நாட்காட்டியைப் பயன்படுத்தலாம்.

அதுவரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்களையும் செவிலியரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆடி பிறந்ததிலிருந்து காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரின் அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு மடிப்பு ஆகியவற்றில் சிகரெட் சுட்டது போன்ற கரும்புண் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்ஸிசைக்ளின் விலை மலிந்த மருந்து. தாமதிக்காமல் கொடுத்தால் உயிரைக் காக்கும். மழை நின்றுவிட்டது என்று தை மாதத்தில் அந்தத் தேடலை நிறுத்திவிடாதீர்கள்; மாசி முடியும்வரை பாருங்கள்.