பெருஞ்செலவுத் திரைப்படங்களின் வீழ்ச்சி: ‘கிளியோபாத்ரா’ குறித்த வரலாற்று ஆய்வு

முன்னுரை

பாவலன் ஒருவன் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு பெருங்காப்பியம் இயற்றிவிடலாம். ஓவியனுக்குத் துணியும் வண்ணமும் போதும். திரைப்படம் எடுப்போனுக்கோ முதற்காட்சி எடுப்பதற்கு முன்பே பெரும்பொருள் வேண்டும். அப்பொருள் பெரும்பாலும் பிறரிடமிருந்து கடனாகவோ பங்காகவோ வருவது. வட்டியோடும் ஊதியத்தோடும் திரும்பச் செல்ல வேண்டுவது. ஆதலின் ஒரு திரைப்படத்தின் வரலாறு அதன் கதையின் வரலாறாக மட்டும் அமைவதன்று. அதன் கணக்கின் வரலாறாகவும் அமைவது.

பெருஞ்செலவில் உருவான படங்கள் சில வீழ்ச்சியுற்றமைக்குக் காரணம் கூறப்புகுவோர், ‘படம் நன்றாக இல்லை, மக்கள் பார்க்கவில்லை’ என்று கூறி அமைவர். இவ்விடை எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. பல படங்களின் வீழ்ச்சி அவை திரைக்கு வருமுன்பே கணக்கேட்டின்கண் நிகழ்ந்துவிடுகின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்குத் தலையாய சான்று 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளியோபாத்ரா’. அவ்வாண்டில் வெளிவந்த படங்களுள் அமெரிக்காவில் மிகுதியான வசூல் பெற்றதும் அதுவே. தன்னை எடுத்த நிறுவனத்தை நிலைகுலையச் செய்ததும் அதுவே. இம்முரண்பாட்டை ஆராயுங்கால் வீழ்ச்சியின் காரணங்கள் தாமே புலனாகும்.

தோல்வி என்பதன் பொருள்

முதற்கண் தோல்வி என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். கொட்டகையின் நுழைவுச்சீட்டு விற்ற தொகை முழுவதும் படமெடுத்தவரைச் சென்று சேர்வதில்லை. கொட்டகை உரிமையாளர் தம் பங்கினை எடுத்துக்கொள்வர். படத்தை ஊர்தோறும் வழங்குவோர் தம் பங்கினைக் கொள்வர். படிகள் எடுக்கும் செலவும் விளம்பரச் செலவும் போக எஞ்சுவதே எடுத்தவருக்கு உரியது. ஆகவே நூறு ரூபாய் செலவிட்ட படம் நூறு ரூபாய் வசூலித்துவிட்டால் முதல் மீண்டது எனக் கருதுவது பிழை. அதனினும் இருமடங்கேனும் வசூலாதல் வேண்டும். செலவினங்கள் மிகுந்தால் அதுவும் போதாது.

இவ்வுண்மையினின்று ஒரு முடிபு பெறப்படும். தோல்வி என்பது வருவாயின் சிறுமையைக் குறிப்பதன்று. செலவிற்கும் வருவாய்க்கும் இடையேயுள்ள உறவினைக் குறிப்பது. சிறுசெலவுப் படம் சிலர் பார்த்த அளவிலேயே வென்றுவிடக் கூடும். பெருஞ்செலவுப் படம் பல கோடி மக்கள் பார்த்த பின்னும் தோற்கக் கூடும்.

காலச்சூழல்

கிளியோபாத்ரா உருவான காலம் அமெரிக்கத் திரைத்தொழிலுக்கு இடர்மிக்க காலம். 1946ஆம் ஆண்டில் உச்சநிலையில் இருந்த பார்வையாளர் தொகை, தொலைக்காட்சியின் வரவு முதலாய காரணங்களால் ஐம்பதுகளின் இறுதிக்குள் பாதியளவாகக் குறைந்தது. 1948ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் பெருநிறுவனங்கள் தம் கொட்டகைகளைக் கைவிட நேர்ந்தது. எடுத்த படத்தைத் தம் கொட்டகையிலேயே ஓட்டிக்கொள்ளும் உறுதிப்பாடு அன்றோடு ஒழிந்தது.

இந்நிலையில், வீட்டிலுள்ள சிறுதிரை காட்டவியலாத பெருங்காட்சிகளைக் காட்டினால் மக்கள் மீள்வர் என்னும் கருத்து எழுந்தது. 1956இல் வெளிவந்த ‘பத்துக் கட்டளைகள்’, 1959இல் வெளிவந்த ‘பென்ஹர்’ ஆகியன இக்கருத்திற்கு வலுவூட்டின. பென்ஹருக்கு ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் டாலர் செலவாயிற்று. பெற்ற வருவாயோ அதனினும் பன்மடங்கு. இவ்வெற்றியைக் கண்ட ஏனையோர், பெருஞ்செலவே பெருவெற்றியின் காரணம் எனக் கொண்டனர். வென்ற ஒன்றைக் கண்டு அதன் புறத்தோற்றத்தைப் பின்பற்றும் இப்போக்கினை வீழ்ச்சியின் முதல் வித்து எனலாம்.

செலவு பெருகிய வரலாறு

‘கிளியோபாத்ரா’வை எடுத்தது டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனம். அந்நாளில் அதன் தலைவராக இருந்தவர் ஸ்பைரோஸ் ஸ்கூராஸ். படத்தை உருவாக்கும் பொறுப்பேற்றவர் வால்டர் வேங்கர். தொடக்கத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் செலவில் எடுத்து முடிக்கவே எண்ணினர். எலிசபெத் டெய்லரை 10 இலட்சம் டாலர் ஊதியத்திற்கு ஒப்பந்தம் செய்த அளவிலேயே அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

பிரித்தானியத் திரைத்தொழிலுக்கு வழங்கப்பெற்ற உதவித்தொகையைப் பெறும் நோக்குடன் படப்பிடிப்பு இலண்டனுக்கு அண்மையிலுள்ள பைன்வுட் நிலையத்தில் 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கிற்று. எகிப்து நாட்டு நகரமொன்று இங்கிலாந்தின் மழையிலும் குளிரிலும் எழுப்பப்பட்டது! சிக்கனம் கருதித் தேர்ந்த இடமே செலவிற்குக் காரணமாயிற்று. மழை இடையறாது பெய்தது, அமைத்த அரங்குகள் பாழாயின, நாயகியும் நோயுற்றார். இயக்குநர் ரூபன் மமூலியன் 1961ஆம் ஆண்டு சனவரியில் விலகியபோது 70 இலட்சம் டாலர் செலவாகியிருந்தது. அதன் பயனாய்க் கிடைத்த படம் ஏறத்தாழப் பத்து நிமிட அளவினதே. அதுவும் பின்னர்ப் பயன்படவில்லை.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அந்நிலையிலேயே முயற்சியைக் கைவிட்டிருக்கலாகாதோ? கைவிட்டிருப்பின் இழப்பு 70 இலட்சத்தோடு நின்றிருக்கும். ஆயின் செலவிட்ட பொருளை மீட்டல் வேண்டும் என்னும் ஆசையே மேலும் செலவிடத் தூண்டிற்று. சூதில் இழந்ததைச் சூதாடியே மீட்க முனைவோனின் நிலையில் நிறுவனம் நின்றது.

புதிய இயக்குநராக ஜோசப் மான்கீவிச் அமர்ந்தார். 1961ஆம் ஆண்டு மார்ச்சில் டெய்லர் கடும் நுரையீரல் அழற்சியால் உயிருக்கு இடராகும் நிலையை எய்தினார். தொண்டையில் அறுவை செய்து அவர் உயிரைக் காத்தனர். படப்பிடிப்பு உரோமைக்கு மாற்றப்பட்டு, அங்குள்ள சினெசித்தா நிலையத்தில் செப்டம்பரில் மீண்டும் தொடங்கிற்று. அரங்குகள் அனைத்தும் புதிதாக எழுப்பப்பட்டன. சீசராகவும் அந்தோனியாகவும் நடிக்கவிருந்தோர் விலக, ரெக்ஸ் ஹாரிசனும் ரிச்சர்ட் பர்ட்டனும் அவ்விடங்களைப் பெற்றனர்.

இப்படத்தின் செலவுப் பெருக்கத்திற்கு நோயும் மழையும் காரணங்கள் என்பது உண்மையே. எனினும் அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. உரோமையில் படப்பிடிப்புத் தொடங்கிய நாளில் கதை உரையாடல் எழுதி முடிக்கப்பெறவில்லை. மான்கீவிச் பகலில் படத்தை இயக்கினார், இரவில் எழுதினார். கதை முழுவதும் கையிலிருப்பின், ஓர் அரங்கில் நிகழும் காட்சிகளையெல்லாம் ஒருங்கே எடுத்து முடிக்கலாம். ஒரு நடிகருக்குரிய காட்சிகளைத் தொடர்ந்து எடுத்து அவரை விடுவிக்கலாம். கதை எழுதப்பெறும் வரிசையிலேயே காட்சிகளை எடுக்க நேர்ந்தமையின், அரங்குகள் வாளா நின்றன. நடிகர் பலர் வேலையின்றி ஊதியம் பெற்றுக் காத்திருந்தனர். எழுத்து முடியுமுன் செலவு தொடங்கியதே இங்கு நேர்ந்த பெரும்பிழை.

1962ஆம் ஆண்டில் நிறுவனத்தின் இழப்பு ஏறத்தாழ 4 கோடி டாலர். அதற்கு முந்திய ஆண்டிலேயே தன் படப்பிடிப்பு நிலத்தின் பெரும்பகுதியை அது விற்றிருந்தது. செஞ்சுரி சிட்டி என்னும் நகர்ப்பகுதி அந்நிலத்தில் எழுந்ததே. நிறுவனத்தின் தளர்ச்சி முன்னரே தொடங்கிவிட்டது. ஆதலின் அவ்விற்பனைக்கு இவ்வொரு படத்தையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும் தளர்ந்திருந்த நிறுவனத்தின்மேல் இப்படம் பெருஞ்சுமையாய் அமர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்கூராஸ் பதவி நீங்கினார். டாரில் சானக் தலைவரானார். அவர் நிலையத்தின் பணிகளைப் பெரும்பாலும் நிறுத்தி, தொழிலாளருள் மிகப் பலரை வேலையினின்று விலக்கினார். ஒரு படத்தின் வீழ்ச்சியைப் பேசுவோர் நடிகர் பெயரையும் இயக்குநர் பெயரையும் பேசுவர். தச்சர், தையற்காரர், விளக்குப் பணியாளர் ஆகியோர் இழந்த பிழைப்பினைப் பேசுவார் அரியர்.

வெளியீடும் வருவாயும்

படம் 1963ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் நியூயார்க்கின் ரிவோலி அரங்கில் வெளியிடப்பட்டது. மும்மூன்று மணி நேரம் ஓடும் இருபடங்களாக அதனை அமைக்க மான்கீவிச் விரும்பினார். சானக் உடன்படாமையின் நான்கு மணி நேர அளவினதாகச் சுருக்கப்பட்டு, பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. இங்ஙனம் கதையின் இணைப்புகள் அறுபட்டமை திறனாய்வாளரின் குறைகூறலுக்கு இடந்தந்தது. பொருட்செலவு கலையினைக் கெடுக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று. நீண்ட படம் ஒரு நாளில் ஓடும் காட்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். காட்சி குறையின் வசூல் குறையும். ஆதலின் படத்தின் அளவினைக் கலையுணர்வு வரையறுப்பதற்கு மாறாகக் கணக்கு வரையறுக்கின்றது.

மக்கள் படத்தைப் புறக்கணிக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் டாலருக்குச் சீட்டுகள் விற்றன. அதனுள் நிறுவனத்தின் பங்காக வந்தது ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம். படமெடுக்க ஆன செலவோ 3 கோடியே 10 இலட்சத்திற்கும் மேற்பட்டது. படிகள், விளம்பரம் முதலியவற்றையும் சேர்த்தால் 4 கோடியே 40 இலட்சம் என்பர். ஒளிப்பதிவு, அரங்கமைப்பு, ஆடையணி, தனிநுட்பக் காட்சி ஆகிய நான்கிற்கும் அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தின் பரிசு கிடைத்தது. பிற நாட்டு வருவாய் மெல்ல வந்தது. 1966ஆம் ஆண்டில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பு உரிமையை 50 இலட்சம் டாலருக்குப் பெற்ற பின்னரே போட்ட முதல் ஒருவாறு மீண்டது.

எனவே கிளியோபாத்ரா என்றுமே முதலை மீட்காத படம் என்பது பிழை. உரிய காலத்தில் மீட்காத படம் என்பதே பொருந்தும். 1963இல் வரவேண்டிய பொருள் 1966இல் வருமாயின், இடைப்பட்ட காலத்து வட்டியும் இடரும் கடன்பட்டோனையே சாரும். காலமும் ஒரு செலவே.

பிழைபடக் கற்ற பாடம்

இவ்வரலாற்றின் பிற்பகுதி முற்பகுதியினும் சிந்தனைக்குரியது. அதே நிறுவனம் 1965ஆம் ஆண்டில் ‘இசையின் ஒலி’ என்னும் பொருள்படும் பெயருடைய ‘சவுண்ட் ஆப் மியூசிக்’ என்ற படத்தை வெளியிட்டது. அதன் செலவு ஏறத்தாழ 82 இலட்சம் டாலர். கிளியோபாத்ராவின் செலவில் நான்கில் ஒரு பங்கினும் சிறிதே மிகுதி. அது பெற்ற பெருவருவாய் நிறுவனத்தை மீண்டும் தலைநிமிரச் செய்தது.

அவ்வெற்றியினின்று ‘செலவினை அளந்து செய்’ என்னும் பாடத்தை நிறுவனம் கற்றதா? இல்லை. ‘இசைப்படம் எடு, பெரிதாக எடு’ என்னும் பாடத்தையே கற்றது. 1967இல் ‘டாக்டர் டூலிட்டில்’, 1968இல் ‘ஸ்டார்’, 1969இல் ‘ஹலோ, டாலி’ என்று அடுத்தடுத்து இசைப்படங்கள் எழுந்தன. இறுதிப் படத்தின் செலவு ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் டாலர். மூன்றும் இழப்பையே தந்தன. பெருஞ்செலவுப் படம் ஒன்றைத் திட்டமிட்டு முடிக்க ஆண்டுகள் சில கழியும். அதற்குள் மக்களின் சுவை வேறு திசையிற் சென்றுவிடும். நேற்றைய விருப்பத்தை நோக்கி இன்று செலவிட்டு நாளை விற்பது இத்தொழிலின் இயல்பான இடர். செலவு மிகுந்தோறும் இவ்விடரும் மிகும்.

சந்திரலேகா தரும் ஒப்புமை

இக்கருத்தினைத் தமிழ்த் திரை வரலாற்றில் வைத்து ஆராய்தற்குச் ‘சந்திரலேகா’ ஏற்ற சான்றாகும். ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் ஆண்டுகள் பல முயன்று எடுத்த அப்படம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வெளிவந்தது. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் என்பர். அந்நாளில் இந்தியாவில் ஒரு படத்திற்கு அத்துணைப் பொருள் செலவிடுதல் எவரும் எண்ணாதது. முரசு நடனக் காட்சியைக் காண மக்கள் திரண்டனர். ஆயினும் தமிழ்ப் படத்தின் வருவாய் மட்டும் அச்செலவினை ஈடுசெய்யவில்லை.

கிளியோபாத்ராவின் நிலையும் சந்திரலேகாவின் நிலையும் இதுவரை ஒன்றே. வேறுபாடு இதன் பின்னர்த் தோன்றுகின்றது. செலவிட்ட பொருளைக் குறைத்தல் இனி இயலாது என்பதனை அறிந்த வாசன், வருவாயின் எல்லையை விரித்தார். படத்தை இந்தியில் அமைத்து, பெருவிளம்பரத்துடன் அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் வடநாடெங்கும் வெளியிட்டார். தமிழ்நாட்டளவில் இழப்பாக நின்ற கணக்கு இந்திய நாட்டளவில் ஊதியமாக மாறிற்று. படத்தின் செலவு மாறவில்லை. சந்தையின் பரப்பு மாறிற்று. ஆயின் கிளியோபாத்ராவோ தொடக்கத்திலேயே உலகச் சந்தை முழுவதையும் நம்பி எடுக்கப்பட்டது. அதற்கு அப்பால் விரிதற்கு வேறு இடமில்லை.

கணக்கும் கலைமதிப்பும்

வணிகத் தோல்வியையும் கலைத் தோல்வியையும் ஒன்றாகக் கருதுதல் வரலாறு எழுதுவோரை வழிதவறச் செய்யும். 1980ஆம் ஆண்டில் மைக்கேல் சிமினோ இயக்கிய ‘ஹெவன்ஸ் கேட்’ 4 கோடியே 40 இலட்சம் டாலர் செலவாகி, 35 இலட்சம் அளவிலேயே வசூல் பெற்றது. மறு ஆண்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனமே கைம்மாறிற்று. அப்படம் பல்லாண்டு எள்ளலுக்கு இலக்காய் நின்றது. ஆயினும் புதுப்பிக்கப்பெற்ற முழுவடிவம் 2012ஆம் ஆண்டில் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டபோது நன்மதிப்புப் பெற்றது. நம் நாட்டிலும் பி. ஆர். பந்துலு 1961இல் எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வணிகத்தில் இழப்பையே தந்தது, அதனால் வ. உ. சிதம்பரனாரின் வாழ்வைத் தமிழர் நெஞ்சில் நிறுத்திய அதன் பெருமை குறைந்துவிடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெருஞ்செலவுப் படங்களின் வீழ்ச்சிக்குரிய காரணங்கள் நான்கு பெறப்படும். சென்ற வெற்றியின் புறத்தோற்றத்தைப் பின்பற்றுதல் ஒன்று. எழுத்து முடியுமுன் செலவினைத் தொடங்குதல் மற்றொன்று. இழந்ததை மீட்கும் ஆசையால் மேலும் இழத்தல் மூன்றாவது. சந்தையின் பரப்பினையும் வருவாய் வந்து சேரும் காலத்தினையும் அளந்தறியாமை நான்காவது. படத்தின் குறைபாடு இவற்றோடு கூடும்போது வீழ்ச்சி விரைவுபடும். குறைபாடு இல்லாவிடத்தும் இந்நான்குமே ஒரு படத்தை வீழ்த்தப் போதியன.

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் படம் ஓடிய நாள்களை எண்ணி வெற்றி தோல்வியைக் கூறுதல் வழக்கமாயுள்ளது. நூறு நாள் ஓடிய படம் தன்னை எடுத்தவரைக் கடனாளியாக்கியிருத்தலும் கூடும். ஆதலின் ஒப்பந்தங்கள், கடன்பத்திரங்கள், வழங்குவோர் கணக்கேடுகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தல் ஆய்வாளர் கடமை. அவை பல இல்லங்களில் பழந்தாள்களாக அழிந்து வருகின்றன.

வருவாய் செலவுகளின் அளவு பற்றிய கருத்தினைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்துள் வைத்தார். செயலின் வலியும் தன் வலியும் மாற்றான் வலியும் எடையிடப்பெறும் இடத்திலேயே பொருட்செலவின் அளவும் எடையிடப்பெறுகின்றது. செலவிடும் ஆற்றலை வலிமை எனக் கருதுவார் பலர். செலவின் எல்லையை அறிதலே வலிமை என்பதனை அவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. கிளியோபாத்ராவின் கணக்கேடு காட்டுவதும் இதுவே.