ஒப்பு வாதக் கேள்விகள் (எல்சாட் தேர்வு)

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்வின் தருக்கப் பகுதியில் வரும் ஒரு வகைக் கேள்வி, ஒப்பு வாதக் கேள்வி. ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து, அதே முறையில் அமைந்த இன்னொரு வாதம் கீழேயுள்ள ஐந்தில் எது என்று கேட்பார்கள். பேசும் பொருள் மாறலாம். வாதத்தின் கட்டு மாறக் கூடாது. மூல வாதம் பிழையானது என்று கேள்வியே சொல்லிவிட்டால், அதே பிழையைச் செய்யும் வாதத்தைத் தேட வேண்டும். இது ஒப்புப் பிழைக் கேள்வி என்று தனியாகச் சொல்லப்படுகிறது.

எல்சாட் முதன்முதலில் 1948-இல் நடந்தது. இப்போது லா ஸ்கூல் அட்மிஷன் கவுன்சில் அதை நடத்துகிறது. மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். மாணவர்கள் ‘லாஜிக் கேம்ஸ்’ என்று அழைத்த புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. அதன் பின் மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கப் பகுதிகள், ஒன்று வாசிப்புப் பகுதி. ஆகவே ஒப்பு வாதத்தின் பங்கும் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

கேள்வியின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். “இந்த நூலகத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் முகவரிச் சான்று கொடுத்தவர்கள். முகவரிச் சான்று கொடுத்தவர்களில் சிலர் மாணவர்கள். ஆகவே உறுப்பினர்களில் சிலர் மாணவர்கள்.” மேலோட்டமாகப் படித்தால் சரியென்றே தோன்றும். ஆனால் சான்று கொடுத்த அந்த மாணவர்களின் விண்ணப்பம் இன்னும் ஏற்கப்படாமலே இருக்கலாம்; அப்படியானால் அவர்களில் ஒருவர்கூட உறுப்பினர் அல்ல. ‘எல்லா அ-வும் ஆ; ஆ-வில் சில இ; ஆகவே அ-வில் சில இ’ என்பதே இந்தப் பிழையின் வடிவம்.

இப்போது தெரிவுகள். “உறுப்பினர்கள் எல்லோரும் சான்று கொடுத்தவர்கள், உறுப்பினர்களில் சிலர் மாணவர்கள், ஆகவே சான்று கொடுத்தவர்களில் சிலர் மாணவர்கள்” என்று ஒன்று இருக்கும். அதே நூலகம், அதே மாணவர்கள். ஆனால் இந்த வாதத்தில் பிழையே இல்லை. பொருள் ஒற்றுமையைக் காட்டி இழுக்கும் பொறி இது. “மருத்துவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், எதிர்வீட்டுக்காரர் தடுப்பூசி போட்டவர், ஆகவே அவர் மருத்துவர்” என்று இன்னொன்று இருக்கும். இதில் பிழை உண்டு, ஆனால் அதன் வடிவம் வேறு. சரியான விடை இப்படி வரும்: “கண் பரிசோதனையில் தேறியவர்களில் சிலர் கிட்டார் வாசிப்பவர்கள். இந்த நிறுவனத்தின் விமானிகளில் சிலர் கிட்டார் வாசிப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் விமானிகள் எல்லோரும் அந்தப் பரிசோதனையில் தேறியவர்கள்.” முடிவு நடுவில் வந்திருக்கிறது, வாக்கிய வரிசை கலைந்திருக்கிறது. வரிசை ஒரு பொருட்டல்ல.

தீர்க்கும்போது முடிவிலிருந்து தொடங்குவது சிக்கனமான வழி. மூல வாதத்தின் முடிவு ‘கட்டாயம் நடக்கும்’ என்கிறதா, ‘நடக்கக்கூடும்’ என்கிறதா, ‘செய்ய வேண்டும்’ என்கிறதா என்று முதலில் குறித்துக்கொண்டு, ஐந்து தெரிவுகளின் முடிவுகளை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் இரண்டு மூன்று உதிர்ந்துவிடும். பிறகு ‘எல்லாம்’, ‘பெரும்பாலானவை’, ‘சில’ என்ற அளவுச் சொற்கள். ‘பெரும்பாலானவை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சில’ இருந்தால் அந்தத் தெரிவை விட்டுவிடலாம். ‘இல்லை’ என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை: மூல வாதத்தில் ‘திருமணமாகாதவர்கள்’ ஒரு கூட்டம், தெரிவில் ‘ஆசிரியர்கள்’ ஒரு கூட்டம், இரண்டையும் ஒரே எழுத்தால் குறிக்கலாம். ‘மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்’ என்பதும் ‘ஆட்டம் நிற்கவில்லை என்றால் மழை பெய்யவில்லை’ என்பதும் ஒரே கூற்றுதான்.

பொருளை விட்டு வடிவத்தை மட்டும் எடுத்துப் பார்க்கும் இந்த வேலை பழையது. கிரேக்கத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் வாதங்களில் பெயர்ச்சொற்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து எழுதிக் காட்டினார். எல்லா வாதத்துக்கும் எழுத்து பொருந்தாது என்பதும் உண்மை. ஒப்புமை காட்டி வாதிடுவதும், ஒரே காலத்தில் நடந்த இரண்டில் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்குவதும் அடிக்கடி வருகின்றன. அங்கே ‘உடன் நடந்ததைக் காரணம் என்கிறார்’ என்று ஒரே வரியில் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எழுத்துகளைவிட நன்றாக வேலை செய்யும்.

முன் தீர்ப்புகளை ஒப்பிடும் வழக்கறிஞர் பணிக்கு இது நேரடிப் பயிற்சி என்று சொல்லப்படுவதுண்டு. அது முழுக்கச் சரியல்ல. பழைய வழக்கும் புதிய வழக்கும் ஒத்தவை என்று காட்ட, நடந்தவற்றின் விவரங்களை எடைபோட வேண்டும். இங்கே அந்த விவரங்களைத்தான் கைவிட வேண்டும். ஒரு வாதத்தின் வலு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்தறியும் பழக்கம் வேண்டுமானால் இரண்டுக்கும் பொது.

நேரம்தான் பெரிய இடர். ஒரு பகுதிக்கு 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒப்பு வாதமோ ஆறு வாதங்களைப் படிக்கச் சொல்கிறது. எல்லாக் கேள்விக்கும் மதிப்பு ஒன்றே என்பதால், இதைக் குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்த பின் திரும்பி வருவதே நல்லது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. நேரம் போதாமல் போனால் எஞ்சிய தெரிவுகளில் ஒன்றைக் குறித்துவிட வேண்டும்.