பியானோ பயின்ற மைசூர் மன்னர்

மைசூர் அரண்மனையைக் காண வருவோர் தங்க அம்பாரியை வியந்து மீள்வர். அங்கு ஒலித்த பியானோவை நினைப்போர் சிலரே. 1919-இல் பிறந்த ஜயசாமராஜ உடையார், இளமையிலேயே மேனாட்டு இசை பயின்று, பியானோ வாசிப்பையே வாழ்வாகக் கொள்ள விழைந்தார். 1940-இல் அரியணை குறுக்கிட்டது. அரசுரிமை வாராதிருந்தால் எத்தகைய வித்துவானாக விளங்கியிருப்பாரோ என நாம் எண்ணுவதுண்டு. எனினும் அவர் இசையைக் கைவிட்டாரல்லர். இலண்டனில் நோயுற்று வாடிய ருஷ்ய இசைமேதை மெத்னரின் படைப்புகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்யப் பொருளுதவினார். மேனாட்டார் மறந்தவரை மைசூர் ஆதரித்தது! மெத்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை மன்னருக்கே காணிக்கையாக்கினார். கர்நாடக இசையில் ‘ஸ்ரீவித்யா’ முத்திரையுடன் 94 கிருதிகள் இயற்றியவரும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக வீற்றிருந்தவரும் இவரே.